உறுமினால் பாட்டு ஆகுமா?

"டெத் மெட்டல்" என்று ஒரு மேல்நாட்டுச் சங்கீதம் இருக்கிறது. "டெத்" என்றால் சாவு. பெயரைக் கேட்டாலே பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள்.

அதில் பாடகன் மற்றவர்களைப் போலப் பாடுவது இல்லை. புலி போல உறுமுகிறான். கிட்டார் இரைகிறது. டிரம்ஸ் இடி இடிக்கிறது. "இதுவும் ஒரு பாட்டா?" என்று அப்பா கேட்கிறார். "உங்களுக்குப் புரியாது" என்று மகன் சொல்கிறான்.

இந்தச் சண்டை பட்டணத்தோடு நின்றுவிடாது. கொல்லிமலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சி இருக்கிறது. மளிகைச் சந்தைக்குப் பெயர் போன ஊர். அங்கேயும் பையன்கள் கையில் செல்போன் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் யார் உறுமினாலும் அங்கே கேட்கும்.

கேட்கட்டும்! பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால், எதைக் கவனித்துக் கேட்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது?

"கொல்லி" என்ற பெயரும் பயங்கரமானதுதான். பார்த்தவரை மயக்கிச் சிரித்தே கொல்லும் பாவை ஒன்று அந்த மலையில் இருந்ததாகப் பழங்கதை சொல்கிறது. அதற்காக யாராவது மலைக்குப் போகாமல் இருக்கிறார்களா? 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஆகாய கங்கை அருவியில் குளிக்கிறார்கள். அறப்பளீசுவரரைத் தரிசிக்கிறார்கள்.

பெயரைப் பார்த்து மலையை ஒதுக்கவில்லை. பாட்டை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

உறுமலும் தமிழனுக்குப் புதிது அல்ல. "உருமி" என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அது உறுமும். கோவில் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது, ஒருவர் மேல் சாமி வந்தால் அவர் குரல் எப்படி இருக்கிறது? அதைக் கேட்டு யாரும் காதைப் பொத்திக் கொள்வது இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஏன்? அந்தக் குரல் எதற்காக வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்!

மேல்நாட்டுப் பாடகன் உறுமுவதும் பழகி வருகிற வித்தைதான். சாதாரணமாகப் பேசும் குரல் நாண்களுக்கு மேலே இன்னும் இரண்டு மடிப்புகள் உண்டு. அவற்றை அதிர வைத்து அந்த ஓசையை எழுப்புகிறார்கள். பழகாதவன் செய்தால் தொண்டை புண்ணாகும்.

கசாயத்தில் தேன்

டெத் மெட்டல் 1980-களில் வளர்ந்தது. அமெரிக்காவில் உள்ள புளோரிடா மாநிலம் அதற்குப் பேர் போனது. வேகமும் ஆவேசமுமே அதன் உயிர்.

1990-களில் சுவீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகரத்து இளைஞர்கள் அதில் இனிமையைச் சேர்த்தார்கள். இரண்டு கிட்டார்கள் ஜோடி சேர்ந்து ஒரு மெட்டை இழைக்கும். அதன் மேல் பாடகன் உறுமுவான். கசாயத்தில் தேன் கலந்த மாதிரி! இதற்கு "மெலடிக் டெத் மெட்டல்" என்று பெயர். அட் தி கேட்ஸ், டார்க் டிராங்குவிலிட்டி, இன் பிளேம்ஸ் ஆகிய மூன்று கோஷ்டிகள் இதற்கு வழிகாட்டிகள்.

பிறகு தகராறு வந்தது. 1999-ல் டார்க் டிராங்குவிலிட்டி "புரொஜெக்டர்" என்ற இசைத் தொகுப்பை வெளியிட்டது. அதில் உறுமலோடு சாதாரணக் குரலும் கேட்டது. 2002-ல் இன் பிளேம்ஸ் வெளியிட்ட தொகுப்பின் பெயர் "ரீரூட் டு ரிமெய்ன்". "நிலைத்து நிற்கப் பாதையை மாற்று" என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பாதை மாறியது. பழைய ரசிகர்கள் பலர் கோபித்துக் கொண்டார்கள். புதிய ரசிகர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"பழைய மாதிரியே வாசி" என்று ரசிகர் சொல்வது நியாயமா?

நியாயம் இல்லை. நாகஸ்வரத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் திமிரி நாயனம் உச்சக் குரலில் முழங்கியது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தை எடுத்துக் கொண்டார். சுருதி தணிந்தது. நாகஸ்வரத்துக்கு அதனால் கேடு வந்ததா? பெருமைதான் வந்தது! குழல் நீண்டது. ஆனால் ராகம் ஓடிப் போகவில்லை. அதுதான் முக்கியம்.

ஆகவே, ஒரு கோஷ்டி மாறினால் "ஏன் மாறினாய்?" என்று கேட்கக் கூடாது. "எதை விடாமல் வைத்துக்கொண்டாய்?" என்று கேட்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழர்கள்

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் கோஷ்டி ஒன்று உண்டு. அதன் பெயர் "ருத்ரா". கதிர், சிவா, பாலா என்ற இளைஞர்கள் 1992-ல் சிங்கப்பூரில் தொடங்கினார்கள்.

முதல் தொகுப்பு 1998-ல் வந்தது. 2001, 2003-ம் ஆண்டுகளிலும் தொகுப்புகள் வந்தன. 2003-ல் வந்ததற்கு "குருக்ஷேத்ரா" என்று பெயர். பிறகு 2005, 2009, 2011-ம் ஆண்டுகளில் "பிரம்மவித்யா" என்ற வரிசையில் மூன்று தொகுப்புகள் வந்தன.

உறுமலை அவர்கள் விடவில்லை. வேகத்தையும் விடவில்லை. மந்திர ஓசை சேர்ந்தது. இந்திய மெட்டுகள் சேர்ந்தன. மேல்நாட்டு இரைச்சலாகத் தொடங்கியது, வேதாந்தம் பேசும் இசையாக வளர்ந்தது. "வேத மெட்டல்" என்று அதற்குத் தனிப் பெயரே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை! வரிசையின் மூன்றாவது தொகுப்புக்கு "இம்மார்ட்டல் ஐ" என்று பெயர். "சாவு இல்லாத நான்" என்று பொருள். சாவின் பெயரைத் தாங்கிய சங்கீதம், "ஆத்மாவுக்குச் சாவு இல்லை" என்று சொல்லுகிறது! பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் என்ன சொல்வார்கள்?

30 ஆண்டுகள் கழித்து, 2022-ல், "எயிட் மகாவித்யாஸ்" என்ற தொகுப்பையும் ருத்ரா வெளியிட்டது. பாதை மாறாமல் ஆழம் மட்டும் கூடினால், ஒரு கோஷ்டி இத்தனை காலம் நிற்கும்.

ஒரு குறை

ஆனால், ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. ருத்ராவின் பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நடுநடுவே வடமொழி வருகிறது. தமிழ்ப் பிள்ளைகள் தொடங்கிய கோஷ்டியில் தமிழ் அல்லவா முன்னால் நிற்க வேண்டும்?

உலகம் முழுவதும் கேட்க ஆங்கிலம் தேவை என்று சிலர் சொல்லலாம். அது சரியான காரணம் ஆகாது. உறுமிப் பாடும்போது ஆங்கிலம் தெரிந்தவனுக்கே வார்த்தை பிடிபடுவது இல்லை. தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். தமிழ் வார்த்தையையும் அப்படியே தெரிந்துகொள்ளட்டுமே!

தமிழில் சரக்குக்கும் பஞ்சம் இல்லை. கொல்லிமலை சித்தர்கள் வாழ்ந்த மலை என்று பெயர் பெற்றது. சித்தர் பாடல்களில் சாவைப் பற்றிய பேச்சு உண்டு. உடம்பு நிலையாது என்ற எச்சரிக்கை உண்டு. போலிகளைக் கண்டிக்கும் கோபமும் உண்டு. அந்தக் கோபத்துக்கு உறுமும் குரல் பொருத்தமாக இருக்கும்.

வாத்தியமும் தயாராக இருக்கிறது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973-ல் தடை வந்தது. 2016-ல்தான் பாதையில் 3 இடங்களில் வாசிக்க அனுமதி கிடைத்தது. இத்தனை ஆண்டு தடைக்குப் பிறகும் சிங்கப்பூர்த் தமிழர்கள் உருமியை மறக்கவில்லை. அந்த உருமியும் மெட்டல் கிட்டாரும் சேர்ந்து உறுமினால் எப்படி இருக்கும்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மகன் காதில் மாட்டியிருப்பதைப் பிடுங்கி எறிய வேண்டாம். "இதில் என்ன சொல்கிறான்?" என்று கேளுங்கள். பொருள் நல்லதா, கெட்டதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

மகனுக்கும் ஒரு வார்த்தை: "உங்களுக்குப் புரியாது" என்று சொல்லித் தப்பிக்காதே. அப்பாவுக்குப் புரியும்படி எடுத்துச் சொல். அப்படியே பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய், உருமிக்காரர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று கேள். நாளைக்கு நீயே ஒரு கோஷ்டி தொடங்கினால், அந்த ஓசை உனக்குக் கைகொடுக்கும்.