வழிகாட்டிக்கும் கைகாட்டி வேண்டும்

சென்ற குளிர்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து என் சம்பந்தியும் அவர் மனைவியும் தில்லியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு நாள் காலை நான் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில், "எதுக்குக் காத்திருக்கணும், போன்லயே எல்லாம் இருக்கே" என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அன்று திங்கட்கிழமை. செங்கோட்டைக்குத் திங்களன்று விடுமுறை என்பது இங்கே குடியிருக்கும் நமக்குத் தெரியும். அவர் நம்பிய சுற்றுலாச் செயலியோ 'திறந்திருக்கிறது' என்றது. லாகூர் வாயில் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதே செயலியைக் கேட்டுத் தாமரைக் கோயிலுக்குப் போனார்கள். அதற்கும் திங்கள்தான் விடுமுறை! ஆட்டோவுக்குப் பணம் போனது பெரிதல்ல. இரண்டு முதியவர்களின் ஒரு நாள் வீணாயிற்று. மறுநாள் இரவு அவர்களுக்கு ஊருக்கு ரயில்.

இப்போது நம் சங்கத்து இளைஞர்கள் சிலர், தில்லிக்கு வரும் தமிழர்களுக்காக ஒரு வழிகாட்டிச் செயலி செய்யப்போகிறார்கள். பாராட்டுகிறேன். ஆனால் படம், சரித்திரம், உணவகப் பட்டியல் என்றே பேச்சு போகிறது. ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் தோன்றுவது வேறு.

பழைய ரயில் நிலையங்களில் கைகாட்டி மரம் பார்த்திருப்பீர்கள். அதை இயக்கும் கம்பி அறுந்துபோனால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். 'போ' என்று பொய் சொல்லாது. இயந்திரம் என்றால் ஒருநாள் பழுதாகும். பழுதாகும்போதும் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாக வேண்டும் என்பதே எங்கள் பாடம். செயலிக்கும் அதுவே விதியாகட்டும். ஒவ்வொரு தகவலுக்கும் கீழே, அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி இருக்க வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால், 'விசாரித்துவிட்டுப் போங்கள்' என்று செயலியே எச்சரிக்க வேண்டும்.

அடுத்து, இணையம் இல்லாதபோதும் அது வேலை செய்ய வேண்டும். நாம் நிற்கும் இடத்தை அறிய இணையம் அவசியமில்லை. நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், போனே கணக்கிட்டுவிடும். இணையம் வேண்டியிருப்பது வரைபடத்துக்குத்தான். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வசதி செய்தால் போதும்.

மூன்றாவது, பெயர்ப் பலகை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், ஒரே ஊரின் பெயரை மூன்று மொழிகளில் ரயில்வே எழுதி வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. நெல்லைக்காரருக்குச் செங்கோட்டை என்றால் தென்காசிப் பக்கத்து ஊர். இங்கே ஆட்டோக்காரருக்கு அது லால் கிலா. பெயர் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் திரை முழுதும் வந்தால், போனை நீட்டிக் காட்டினாலே போதும். பாஷை தெரியாத குறை தீரும்.

படிகள் எத்தனை, கழிப்பறை எங்கே, புது தில்லி நிலையத்தில் பஹார்கஞ்ச் பக்கம் இறங்குவதா அஜ்மேரி கேட் பக்கமா - வயதானவர்களுக்கு இவைதான் சரித்திரத்தைவிட முக்கியம். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது, ஆக்ராவுக்குச் சீட்டு வாங்குமுன் தெரிய வேண்டும். அக்ஷர்தாம் கோயிலுக்குள் போனையே அனுமதிப்பதில்லை. அங்கே எந்தச் செயலியும் உதவாது. ஆகவே ஒரு பக்கக் குறிப்பை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் யார் சரிபார்ப்பது என்று கேட்கலாம். நம் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கோர் இடமாகப் பொறுப்பேற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வந்து தேதியைப் புதுப்பிக்கலாம். கணினி அறிவு அதற்கு வேண்டாம். நடக்கத் தெம்பும் பொறுமையும் இருந்தால் போதும்.

செங்கோட்டையை நான் எடுத்துக்கொள்கிறேன்.