நல்ல ஆசிரியருக்கு நாவன்மை மட்டும் போதுமா?

உங்கள் பள்ளியில் மிக நல்ல ஆசிரியர் யார் என்று கேட்டால் நீங்கள் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவீர்கள். ஏன் அவர் என்று அடுத்துக் கேட்டால்தான் தடுமாற்றம் வரும். கணீரென்ற குரல், கரும்பலகையில் முத்துப்போன்ற கையெழுத்து, இடையிடையே நகைச்சுவை, தேர்வுக்கு எது வரும் என்று குறித்துக் கொடுக்கும் சாமர்த்தியம் என இவற்றில் ஒன்றைச் சொல்வீர்கள். உங்கள் பெற்றோருக்கோ இந்தத் தடுமாற்றம் கூட இல்லை. எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள் என்பதே அவர்களுடைய அளவுகோல். இவை எல்லாம் வேண்டாதவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த அளவுகோல்களில் அகப்படாத திறமை ஒன்று உண்டு. அதுதான் ஆசிரியத் தொழிலின் உயிர் என்பது என் கருத்து.

அது என்ன என்று சொல்வதற்கு முன் உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு பந்தை நேராக மேல்நோக்கி எறிகிறீர்கள். அது கையை விட்டுப் பிரிந்துவிட்டது. இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த நேரத்தில் பந்தின் மீது செயல்படும் விசைகள் எவை? மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்கு வருகிறவர்களிடம் இதை நான் வழக்கமாகக் கேட்பதுண்டு. மேல்நிலைத் தேர்வில் இயற்பியலில் நூற்றுக்கு 90-க்கு மேல் வாங்கியவர்களும் அவர்களில் இருப்பார்கள். அவர்களில் பலர் சொல்லும் விடை இதுதான்: "எறிந்த விசை மேல்நோக்கிச் செயல்படுகிறது, புவியீர்ப்பு விசை கீழ்நோக்கிச் செயல்படுகிறது. போகப் போக எறிந்த விசை குறைகிறது. உச்சியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுவதும் தவறு. கையை விட்டுப் பிரிந்த பந்தை மேலே தள்ளுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதன்மீது இருப்பது புவியீர்ப்பு விசை ஒன்றே. உச்சியில் திசைவேகம் சுழியாகிறதே தவிர முடுக்கம் சுழியாவதில்லை. அது அங்கேயும் ஏறத்தாழ 9.8 மீ/வி² தான்.

இதில் வியப்பு என்னவென்றால், இதே மாணவர்கள் நியூட்டனின் மூன்று விதிகளையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பந்து எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டால் சூத்திரத்தில் எண்களை இட்டு அரை நிமிடத்தில் விடை தருவார்கள். ஆக, அவர்களுடைய தலைக்குள் இரண்டு இயற்பியல்கள் குடியிருக்கின்றன. ஒன்று தேர்வுக்கு உரியது. மற்றது வாழ்க்கைக்கு உரியது. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை!

இது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் காணப்படும் குறை அன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹலூன், ஹெஸ்டனஸ் என்ற இருவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் இதையே எடுத்துக்காட்டினார்கள். சூத்திரம் எதுவும் தேவைப்படாத, அன்றாடச் சொற்களால் ஆன கேள்விகளை அவர்கள் கேட்டார்கள். பாடம் நடத்துவதற்கு முன்பும் கேட்டார்கள். முடிந்த பின்பும் கேட்டார்கள். மாணவர்களின் எண்ணங்கள் மாறியது மிகக் கொஞ்சமே.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1984 முதல் இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மாசூர் சில ஆண்டுகள் கழித்து இந்தக் கட்டுரையைப் படித்தார். அவர் வகுப்பில் மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். அவரை நல்ல ஆசிரியர் என்று எழுதியும் கொடுத்தார்கள். "நம்முடைய மாணவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள்" என்ற நம்பிக்கையுடன்தான் அவர் அதே கேள்விகளைத் தம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். தாளை வாங்கிய ஒரு மாணவி, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவேண்டுமா?" என்ற பொருளில் ஒரு சந்தேகம் கேட்டாராம்! விடைகளும் அந்தச் சந்தேகத்துக்கு ஏற்றபடியே அமைந்தன.

மாசூரிடம் அறிவுக்குக் குறைவில்லை, குரலுக்குக் குறைவில்லை, சோதனைகளைச் செய்து காட்டும் கருவிகளுக்கும் குறைவில்லை. அவர் பேசியது மாணவர்களை எட்டியது. மாணவர்களின் மனத்தில் இருந்தது அவரை எட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் தம் வகுப்பை மாற்றி அமைத்தார். சிறிது நேரம் விளக்குவார். ஒரு கேள்வி கொடுப்பார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்லவேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவருடன் வாதாடவேண்டும். அதன்பின் மறுபடியும் விடை சொல்லவேண்டும். ஒரு கருத்தை நேற்றுப் புரிந்துகொண்டவனுக்குத்தான் அதில் எந்த இடம் வழுக்கும் என்பது நினைவிருக்கும். இருபது ஆண்டுகளாக அதையே சொல்லிவருபவருக்கு அது மறந்துபோயிருக்கும். அதனால்தான் சில சமயம் பக்கத்து மாணவன் ஆசிரியரை விட நன்றாக விளக்கிவிடுகிறான்.

இதனால் பயன் உண்டா என்று கேட்கலாம். ரிச்சர்டு ஹேக் என்பவர் 1998-ல் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். பாடம் தொடங்கும்போது இருந்த மதிப்பெண்ணுக்கும் நூற்றுக்கும் இடையே உள்ள இடைவெளியில் எவ்வளவு நிரம்பியது என்று அவர் கணக்கிட்டார். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வழக்கமான வகுப்புகளில் நிரம்பியது சராசரியாக 23 விழுக்காடு. மாணவர்கள் யோசித்து, விவாதித்து, உடனுக்குடன் திருத்தம் பெற்ற வகுப்புகளில் 48 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் சற்றே அதிகம்!

இப்போது அந்தத் தவறான விடைக்கு வருவோம். அதைக் கேட்டதும் ஓர் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலர் சிரிப்பார்கள், வகுப்பும் சேர்ந்து சிரிக்கும். சொன்ன மாணவன் உட்கார்ந்துவிடுவான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வாய் திறக்கமாட்டான். "தவறு, அடுத்தவன் சொல்" என்று நகர்ந்துவிடுபவர்களும் உண்டு. இதில் கொடுமை இல்லை, ஆனால் பயனும் இல்லை. நல்ல ஆசிரியர், "அப்படி உனக்கு ஏன் தோன்றியது?" என்று கேட்பார். காய்ச்சல் என்று வந்தவரிடம் "காய்ச்சல் வரக்கூடாது" என்று எந்த மருத்துவரும் சொல்லி அனுப்புவதில்லை அல்லவா? எப்போது தொடங்கியது, குளிர் உண்டா என்று கேட்டு நோயின் மூலத்தைத் தேடுகிறார். தவறான விடையும் ஓர் அறிகுறிதான்.

அதிலும் இந்தக் குறிப்பிட்ட தவறுக்குப் பெரிய பரம்பரையே உண்டு. எறிந்த பொருளுக்குள் எறிந்தவன் ஒருவகை உந்துதலைப் பதித்துவிடுகிறான், அது தீரும்வரை பொருள் ஓடுகிறது என்று 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பிலோபோனஸ் எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பூரிடான் என்ற பேரறிஞர் இந்தக் கொள்கையை இன்னும் விரிவாக்கினார். கலிலியோவும் இளமையில் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். அறிவுலகம் தாண்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு பள்ளத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் விழுந்தால் அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? இதனால்தான் ஆசிரியருக்குப் பாடநூலைத் தாண்டிய படிப்பு தேவை என்கிறேன். பையன் எந்தப் பள்ளத்தில் நிற்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படிப்பு. மேற்கோள் காட்டி அசத்துவதற்கு அல்ல. பாடத்தை அறிவது வேறு, அந்தப் பாடம் கற்பவனுக்கு எங்கே இடறும் என்று அறிவது வேறு என்பதை லீ ஷுல்மன் என்ற கல்வியறிஞர் 1986-ல் தெளிவாக எழுதினார். பின்னதுதான் ஆசிரியருக்கே உரிய அறிவு.

பொறுமையும் ஒரு திறமைதான். அதைக் கடிகாரத்தால் அளக்கவும் முடியும். அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியை, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடிதான் என்று கண்டார். 1974-ல் அவர் வெளியிட்ட முடிவுகள் எளிமையானவை. அந்த ஒரு வினாடியை மூன்று வினாடியாக நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, "தெரியாது" என்பது குறைகிறது, எப்போதும் பேசாத மாணவர்களும் பேசத் தொடங்குகிறார்கள். நாளை உங்கள் வகுப்பில் மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். (ஆசிரியருக்குத் தெரியும்படி விரல் விட்டு எண்ணவேண்டாம்!)

ஆசிரியர்கள் பிறக்கிறார்கள், ஆக்கப்படுவதில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மைக்கேல் ஃபாரடேயைப் பாருங்கள். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. 1813-ல், தமது 21-ஆம் வயதில், இலண்டனில் தாம் கேட்ட சொற்பொழிவுகளில் எது நன்றாக இருந்தது, எது கெட்டது என்று நண்பர் ஆபட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அரங்கின் காற்றோட்டத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பிறகு பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் பணம் கொடுத்துப் பாடம் கேட்டார். வேகமாகப் பேசும் பழக்கம் உண்டு என்பதால், "மெதுவாக" என்று எழுதிய அட்டையைத் தம் கண்ணில் படும்படி வைக்கச் செய்தார். இத்தனை உழைப்புக்குப் பின்னர்தான் இராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக அவர் நிகழ்த்திய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் பிறந்தன. 1827 முதல் 1861 வரை 19 தொடர்கள்! கடைசித் தொடரின் பொருள் ஒரு மெழுகுவத்தி. எல்லார் வீட்டிலும் இருக்கிற, எல்லாருக்கும் தெரிந்ததாக நினைக்கிற பொருள். அதை ஊதி அணைத்து, எழும் வெண்புகையில் ஓர் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகைவழியே தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவியே என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியுமா? பெரியவர்கள் யாரையாவது அருகில் வைத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள்.

நாவன்மையின் எல்லையை உணர்ந்தவர் ரிச்சர்டு ஃபெயின்மன். 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் அவர் ஆற்றிய விரிவுரைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அவற்றின் முன்னுரையிலேயே, மாணவர்கள் அளவில் தாம் பெரிதாக வெற்றிபெற்றதாகத் தோன்றவில்லை என்று அவர் எழுதிவிட்டார். மாணவனும் ஆசிரியரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் இடத்தில்தான் சிறந்த கற்பித்தல் நடக்கிறது என்பது அவர் கருத்து.

நம் நாட்டிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் அன்று ஹோஷங்காபாத் என்றும் இன்று நர்மதாபுரம் என்றும் அழைக்கப்படும் மாவட்டத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டு தாங்களே சோதனை செய்து விடை தேடினார்கள். அவர்களுக்கு முன்னதாக ஆசிரியர்கள் விடுமுறைப் பயிற்சியில் அதே சோதனைகளைச் செய்து, அதே இடங்களில் தடுமாறி, வாதாடினார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்! "சவாலிராம்" என்ற கற்பனைப் பாத்திரம் ஒன்றும் இருந்தது. இந்தியில் சவால் என்றால் கேள்வி. பிள்ளைகள் தோன்றிய கேள்விகளையெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதலாம். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டத்தை மாநில அரசு 2002-ல் நிறுத்திவிட்டது. அது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். "எனக்கும் தெரியவில்லை, வா, செய்து பார்ப்போம்" என்று ஒரு கிராமத்து ஆசிரியர் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய சூழ்நிலை எளிதில் உருவாவதில்லை. மாணவர் முன் "தெரியாது" என்று சொல்லும் நேர்மை ஆசிரியரின் மதிப்பைக் குறைப்பதாகப் பலர் அஞ்சுகிறார்கள். குறைப்பதில்லை, தெரிந்ததுபோல் மழுப்புவதுதான் குறைக்கிறது. மாணவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். ஐம்பது பேர் அடைந்திருக்கும் வகுப்பு, 45 நிமிடப் பாடவேளை, முடிக்கவேண்டிய பாடத்திட்டம், நடுவில் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. இவ்வளவுக்கும் இடையில் ஒவ்வொரு மாணவனின் மனத்தையும் துருவிப் பார் என்று ஓர் ஆசிரியரிடம் சொல்வது எளிது. ஆகவே பாதி வழியை நீங்கள் நடக்கவேண்டியிருக்கிறது. "புரியலை சார்" என்று மட்டும் சொன்னால், அவர் முன்பு சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்வார். அவருக்கு வேறு வழி இல்லை. "பந்து மேலே போகும்போது மேல்நோக்கி ஒரு விசை இருக்கும் என்று நினைத்தேன் சார், இல்லாவிட்டால் அது எப்படி ஏறுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தலைக்குள் இருப்பதை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இனி அவர் அதைத் திருத்தலாம்.

தொடங்குவதற்கு ஒரு கேள்வி தருகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு கோலிகள். மேசை விளிம்பிலிருந்து ஒன்றைக் கிடைமட்டமாக வேகமாகச் சுண்டிவிடுகிறீர்கள். அதே நொடியில் மற்றதை அதே உயரத்திலிருந்து சும்மா விழ விடுகிறீர்கள். எது முதலில் தரையைத் தொடும்? முதலில் உங்கள் விடையைக் காரணத்துடன் எழுதுங்கள். பிறகு பக்கத்து நண்பனுடன் வாதாடுங்கள். அதற்குப் பிறகு ஆசிரியரிடம் போங்கள். விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. கோலி விழும் ஓசையே அதைச் சொல்லிவிடும்.