கார்ட்மோர் அருவியும் நீருக்கடியில் ஒரு நகரும்

மஸ்கெலியா என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவது சிவனொளிபாதமலையின் தோற்றமே. டிசம்பர்ப் பூரணை முதல் மே மாதத்து வெசாக் பூரணை வரையில் யாத்திரிகர்களைச் சுமந்த பேருந்துகள் இவ்வூர் வழியே ஓயாது செல்கின்றன. சாளரத்தோரம் அமர்ந்தோர் மோகினி அருவியைக் கண்டு மகிழ்வர். ஆனால் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள கார்ட்மோர் தோட்டத்தில் விழும் அருவியை நாடி நடப்பவர் அவர்களுள் மிகச் சிலரே. அண்மையில் ஒரு நாள் அங்கே சென்று வந்தேன். அதுபற்றி நேயர்களுக்குச் சில சொல்ல விழைகின்றேன்.

வழி முழுவதும் தேயிலை மலைகளினூடே செல்கின்றது. அது உல்லாசப் பிரயாணிகளுக்காக வெட்டிய பாதையன்று. விடியற்காலையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்களின் கால்கள் தேய்த்த பாதை. ஆகவே, தோட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டு செல்வதும், எதிரே சுமையோடு வருவோர்க்கு ஒதுங்கி நிற்பதும் நமக்கு அழகு. ஈரம் மிகுந்த இடங்களில் அட்டைகள் காலைப் பற்றும். சிறிது உப்பை முடிந்து வைத்திருத்தல் நன்று.

அருவிக்கு மேல் தட்டு, கீழ்த் தட்டு என இரு நிலைகள் உண்டு. மேலே பாறைக் குழியில் நீர் தேங்கி நிற்கின்றது. அதன் விளிம்பைக் கடந்து வழியும் நீர் பாறைகளில் மோதி வெண்ணுரையாகி, கீழே நீர்த்தேக்கத்தை நோக்கி விழுகின்றது. அந்த உயரத்தில் நின்று நோக்கினால் நீலப் பரப்பும், அதனைச் சூழ்ந்த பச்சை மலைகளும் ஒருங்கே தோன்றுகின்றன. இயற்கை வரைந்த சித்திரம் என்றே நானும் எண்ணி நின்றேன்.

அருகில் விறகுக் கட்டை இறக்கி வைத்து இளைப்பாறிய மூதாட்டி ஒருவர், என் எண்ணத்தைத் திருத்தினார்.

"என்ன தம்பி, தண்ணியவே பார்க்கிறீங்க? அதுக்குள்ளதான் எங்க பழைய டவுன் கெடக்கு. சின்னப் புள்ளையில அப்பா கையைப் புடிச்சுக்கிட்டு அந்தக் கோயிலுக்குப் போவேன். மழை இல்லாம தண்ணி வத்துனா கோயில் தெரியும். அப்பப் போயி ஒரு சூடம் கொளுத்திட்டு வருவேன்."

நான் வாயடைத்துப் போனேன். மஸ்கெலி ஓயாவை மறித்து எழுப்பிய அணை 1969ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. மக்களுக்கு மேட்டில் புதிய நகரம் அமைந்தது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. அணையில் தேங்கிய நீர் கென்யன், புதிய லக்சபான, பொல்பிட்டிய ஆகிய நிலையங்களில் மின்சாரம் தருகின்றது. பின்னர் கெஹெல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் தாகத்தையும் தணிக்கின்றது. நாட்டுக்கு வெளிச்சம் வேண்டியதுதான். அதற்காக ஓர் ஊர் கொடுத்த விலையையும் நாம் அறிந்திருக்க வேண்டாமா?

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா அம்மா?" என்று வினவினேன்.

"அண்ணன் ஒருத்தர். தலைமன்னார்ல கப்பலேறுனாரு. அதோட சரி" என்றார்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. அம்மூதாட்டியின் குடும்பம் அந்தக் கணக்கில் இரண்டாகப் பிரிந்தது. ஊரை நீர் கொண்டது. உறவைக் கடல் கொண்டது. வறட்சியில் ஊராவது முகம் காட்டுகின்றது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். மேல் தட்டுப் பாறைகளில் பாசி படர்ந்திருக்கும். விளிம்புக்குச் சென்று படமெடுக்கும் ஆசையை அடக்குங்கள். நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் காய்ந்தாலும், மேலேயுள்ள காட்டில் பெய்த மழை திடீரெனப் பெருக்கெடுத்து வரலாம். நீர் கலங்கினாலோ, இரைச்சல் மிகுந்தாலோ உடனே கரையேறுக. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அப்போது நீரில் இறங்காதிருத்தலே அறிவுடைமை. கொண்டுசென்ற பிளாஸ்டிக் போத்தலைத் திரும்பக் கொண்டு வருக. மேலே நாம் எறிவது கீழே ஒருவர் குடிக்கும் நீரில் சேரும்.

மலையகத்தில் பிறந்த மாணவர்களே! கார்ட்மோர் செல்லுமுன் உங்கள் வீட்டுப் பாட்டியையோ தாத்தாவையோ அருகழைத்து, "பழைய மஸ்கெலியாவைப் பார்த்ததுண்டா?" என்று கேளுங்கள். எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது, கோயில் எத்திசை நோக்கி நின்றது என்பவற்றை ஓர் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீர் வற்றினால் சுவர்கள்தாம் தெரியும். அங்கே வாழ்ந்த வாழ்வைச் சொல்ல அவர்களையன்றி வேறு யார் உளர்?

மூதாட்டி விறகுக் கட்டைத் தலையிலேற்றிக்கொண்டு நடந்தார். நான் மீண்டும் அந்த நீலப் பரப்பை நோக்கினேன். இம்முறை அது எனக்கு வெறும் நீராகத் தோன்றவில்லை.