நகத்தையும் பாருங்கள்

சொரியாசிஸ் என்றால் தோல் நோய், மூட்டுவலி என்றால் வயசு. இப்படிப் பிரித்தே பார்த்துப் பழகியதால்தான் பலர் விரல் கோணிய பிறகு மருத்துவரைத் தேடுகிறார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மூட்டிலும் இறங்கும், பெரும்பாலும் படை வந்து சில ஆண்டுகள் கழித்து. நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள், ஒரே ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை உப்புவது, காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தல், அரை மணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு. சந்தேகப்பட இவை போதும். 'ஆர்.ஏ. ரத்தச் சோதனை நெகட்டிவ், உங்களுக்கு வாதம் இல்லை' என்று சொல்லி வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்த நோயில் அந்தச் சோதனை பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும்!

சிகிச்சை இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலேயே கொட்டை எழுத்தில் எழுதித் தர வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பயாலஜிக் ஊசிகள் உண்டு, விலைதான் மலைக்க வைக்கிறது. கடையில் தானாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுத் திடீரென நிறுத்தினால் தோல் முன்னைவிட மோசமாகலாம். அரித்துப்போன மூட்டு பழையபடி திரும்பாது. படையும் இருந்து மூட்டும் வலித்தால் நாள் கடத்தாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.