கொலாஜன் பவுடரும் கொட்டுகிற முடியும்: விற்கிற சகோதரிகளுக்கும் வாங்குகிற சகோதரிகளுக்கும்



இதை எழுதினால் நாலு பேர் என்னோடு கோவிப்பார்கள் என்று தெரியும். அதில் இரண்டு பேர் என் வகுப்பில் படித்த பிள்ளைகள். பரவாயில்லை.

எங்கட ஊர்ப் பெண்களின் எந்த வட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரே டப்பாதான். கொலாஜன் பவுடர். காலையில் ஒரு கரண்டி தண்ணீரில் கலக்கிக் குடித்தால் மூன்று மாதத்தில் கொட்டின முடி திரும்ப முளைக்குமாம். பக்கத்தில் இரண்டு படம். ஒன்றில் வகிடு அகலமாகத் தெரிகிற தலை, மற்றதில் கருகருவென்று அடர்ந்த தலை. இரண்டும் ஒரே ஆளின் தலைதானா என்று யாருக்கும் தெரியாது, முகம் இல்லையே. கடைசியாக என் போனுக்கு வந்த விளம்பரத்தில் ஒரு டப்பா 7,500 ரூபா. "முழுக் கோர்ஸ்" மூன்று டப்பா, 22,500 ரூபா. சீட்டுக் காசை எடுத்து வாங்கியவர்களையும், காதுத் தோட்டை அடகு வைத்து வாங்கிய ஒருவரையும் எனக்குத் தெரியும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். என் தொழில் சார்ந்த பொய் ஒன்று கண் முன்னே ஓடும்போது சும்மா இருக்க முடியவில்லை.

முதல் விசயம், தலைமுடி கொலாஜனால் ஆனதே இல்லை. முடி கெரட்டின் என்ற புரதம். நகமும் அதுதான். கொலாஜன் என்பது தோல், எலும்பு, நரம்பைப் போலத் தெரிகிற தசைநாண், குருத்தெலும்பு இவற்றைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிற வேறொரு புரதம். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. முடி வேரைச் சுற்றியுள்ள தோலில் கொலாஜன் இருக்கிறது, உண்மை. ஆனால் வேரிலிருந்து வெளியே வருகிற இழை கெரட்டின்.

முடியை நெருப்பில் காட்டினால் ஒரு நாற்றம் வருமே, அது கந்தகம். கெரட்டினில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. அதிலுள்ள கந்தகம் ஒன்றோடொன்று கைகோர்த்துத்தான் முடிக்கு உறுதியைக் கொடுக்கிறது. சலூனில் முடியைச் சுருட்டுவதற்குப் பூசுகிற மருந்து உடைப்பதும் அந்தக் கைகோர்ப்பைத்தான். இப்போது கொலாஜனைப் பாருங்கள். அதில் சிஸ்டீன் இல்லை என்றே சொல்லலாம். உணவிலிருந்து கட்டாயம் கிடைக்க வேண்டிய 9 அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபன் அதில் அறவே இல்லை. புரதம் என்ற கணக்கில் பார்த்தால் அது குறைப் புரதம். ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அந்த 9ம் இருக்கிறது, கந்தகமும் இருக்கிறது. முட்டையை விற்க மட்டும் யாரும் முன், பின் படம் போடுவதில்லை.

இரண்டாவது, குடித்த கொலாஜன் கொலாஜனாகத் தலைக்குப் போவதில்லை. ஓ.எல் விஞ்ஞானத்தில் சமிபாடு எல்லோரும் படித்ததுதான். புரதம் எதுவானாலும் வயிற்றிலும் சிறுகுடலிலும் உடைந்து அமினோ அமிலங்களாகப் போகிறது, கொஞ்சம் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் இரத்தத்தில் சேர்கிறது. அதற்குப் பிறகு அதை எங்கே பாவிப்பது என்று முடிவெடுப்பது உடம்பு. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற "ஹெயார்" என்ற ஸ்டிக்கரை ஈரல் வாசிப்பதில்லை. அப்படிப் போகுமானால் மாட்டு மூளைக் கறி தின்கிற எங்கட ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மெடிசினுக்குப் போயிருக்க வேண்டும்.

"டீச்சர், ஆராய்ச்சி இருக்கு" என்பார்கள். இருக்கிறது. தோலின் ஈரப்பதம், சுருக்கம் பற்றிச் செய்த ஆய்வுகள் நிறைய உண்டு. அப்படி 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2025இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பலன் இருப்பது போலத் தெரிகிறது. கம்பனிக் காசு வாங்காமல் செய்த ஆய்வுகளைத் தனியாகப் பிரித்தால் பலன் காணாமல் போய்விடுகிறது. அதுவும் தோலுக்கு. முடிக்கு இருக்கிற ஆதாரம் அதைவிடவும் மெலிந்தது.

இன்னும் கொஞ்சம் படித்த விற்பனையாளர்கள் ஜப்பான் ஆராய்ச்சி ஒன்றைக் காட்டுவார்கள். அது பொய்யில்லை. 2016இல் "சயன்ஸ்" சஞ்சிகையில் வந்தது. வயது போகப் போக முடி வேரிலுள்ள தண்டுக் கலங்களில் 17ஆம் வகைக் கொலாஜன் குறைகிறது, அதனால் வேர் சுருங்கி முடி மெலிகிறது என்று எலிகளில் கண்டார்கள். அருமையான ஆராய்ச்சி. ஆனால் அந்த 17ஆம் வகை, கலத்தின் சவ்வில் உட்கார்ந்து கலத்தைப் பிடித்து வைத்திருக்கிற ஒன்று. உங்கள் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் மாட்டுத் தோலிலோ மீன் செதிலிலோ எடுத்த 1ஆம் வகை, 3ஆம் வகை. பெயர் ஒன்று என்பதற்காக ஆள் ஒன்றாகிவிடுமா? ஊரில் எத்தனை பாத்திமா இருக்கிறார்கள்!

அப்படியென்றால் "எனக்கு வேலை செஞ்சது" என்று சொல்கிற சகோதரிகள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெரும்பாலானவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்த வியாபாரமே அந்த உண்மையின் மேல்தான் ஓடுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தலையில் சுமார் ஒரு இலட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருசம் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும், அதே வேரிலிருந்து புதியது வரும். நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், அது பிள்ளைப் பேறாக இருக்கலாம், டெங்குக் காய்ச்சலாக, கொவிட்டாக, ஒப்பரேசனாக, கல்யாணத்துக்கு முன் பட்டினி கிடந்து மெலிவதாக இருக்கலாம், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டுகின்றன. அப்போது நமக்கு அந்தக் காய்ச்சல் நினைவில் இருக்காது. சீப்பில் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்துப் பயந்து, தேடி, டப்பாவை வாங்குகிறோம். கொட்டுவது உச்சத்தில் இருக்கும் நாளில்தான் முதல் கரண்டி. இந்த வகைக் கொட்டல், காரணம் நீங்கினால், தானாகவே நின்றுவிடும். ஆறேழு மாதத்தில் நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் தெரியும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது பழையபடி வந்துவிடும். அல்லாஹ் படைத்த உடம்பு செய்த வேலை, பெயர் டப்பாவுக்கு. மூன்று மாதக் கோர்ஸ் ஏன் மூன்று மாதம் என்று இப்போது விளங்குகிறதா?

தானாகச் சரியாகிறதென்றால் காசு மட்டும்தானே நட்டம் என்று கேட்கலாம். காசோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

தானாகச் சரியாகாத கொட்டலும் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு ஒன்று. மாதவிடாய் அதிகம் போகிறவர்கள், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்கள், சோறும் பருப்பும் தின்று உடனே தேத்தண்ணி குடிக்கிறவர்கள் (தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது) எங்களில் எத்தனை பேர்! தைரொய்ட் குறைவு இன்னொன்று. முடி கொட்டும், களைப்பாக இருக்கும், உடம்பு போடும், குளிர் தாங்காது, மாதவிடாய் கூடும். ஹோர்மோன் காரணமாகச் சூலகத்தில் நீர்க்கட்டி வருகிற நோயிலும் கொட்டும். இவை எல்லாவற்றுக்கும் முடிதான் முதல் கடிதம். அந்தக் கடிதத்தைத் திறந்து வாசிக்காமல் பவுடரால் மூடுகிறோம்.

என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்றின் உம்மா ஐந்து மாதம் இதைக் குடித்தார். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது, முகம் வெளிறிப்போனது. "மருந்து வேலை செய்யுது, நச்சு வெளியேறுது" என்று விற்றவர் சொன்னாராம். கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.4. ஒரு பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. இந்தப் பவுடர்கள் பலவற்றில் பயோட்டின் கலந்திருக்கிறது. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான், சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். முடிக்கு என்று விற்பவற்றில் 5,000, 10,000 மைக்ரோகிராம் எல்லாம் போடுகிறார்கள். இவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில இரத்தப் பரிசோதனைகள் பிழையாகக் காட்டும். தைரொய்ட் பரிசோதனை அதில் ஒன்று. மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்கிற ட்ரொபோனின் பரிசோதனையும் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. யோசித்துப் பாருங்கள். தைரொய்ட் குறைவால் முடி கொட்டுகிற பெண், அதற்குப் பவுடர் குடித்து, அந்தப் பவுடரால் பரிசோதனையில் நோயே இல்லாதவள் போலத் தெரிகிறாள். இரத்தம் கொடுக்கப் போகும்போது என்னென்ன குடிக்கிறீர்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது எங்களுடைய பக்கம். மற்றச் சமூகங்களை விட எங்கட பெண்களிடம் இந்தச் சாமான் லேசாக விற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் தலையை மூடுகிறவர்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மூடியிருப்பதால் கொட்டுவது வெளியே தெரிவதில்லை, ராத்தாவிடம் கூடச் சொல்ல வெட்கம், ஆண் டொக்டரிடம் முக்காட்டை எடுக்கத் தயக்கம். அந்த வெட்கத்துக்குள் புகுந்து "சிஸ், இன்பொக்ஸ் வாங்க, யாருக்கும் தெரியாமல் பார்சல் வரும்" என்கிறார்கள். வைத்தியத் தேவைக்காக டொக்டரிடம் காட்டுவது ஆகும் என்பது நம் உலமாக்கள் எப்போதும் சொல்லிவருவது. பெண் டொக்டர் வேண்டுமென்றால் கேளுங்கள், கேட்பதில் குற்றமில்லை. இதையும் சொல்லி விடுகிறேன்: கொண்டையை இறுக்கி முடிந்து அதன் மேல் தொப்பி, அதன் மேல் ஸ்கார்ஃப் என்று காலை முதல் மாலை வரை இழுத்துக் கட்டினால் நெற்றி ஓர முடி போகும். குற்றம் ஹிஜாபில் இல்லை, இறுக்கிக் கட்டுகிற முடிச்சில். ஈரத் தலையோடு கட்டாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து விடுங்கள்.

ஹலால் விசயம். கொலாஜன் மாட்டுத் தோலிலும் வரும், மீனிலும் வரும், பன்றித் தோலிலும் வரும். பன்றி உலகச் சந்தையில் முக்கியமான மூலம். மாடு என்றாலும் எப்படி அறுத்தது என்ற கேள்வி இருக்கிறது. 2013இல் ஒரு ஹலால் இலச்சினைக்காக இந்த நாட்டில் நாங்கள் கேட்ட ஏச்சுப் பேச்சு கொஞ்சமா? பிஸ்கட் பக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே உம்மாமார், ஸிப் பையில் பிரித்துப் போட்ட, எந்த மிருகம் என்று எழுதாத, தொகுதி இலக்கம் இல்லாத, காலாவதித் திகதி இல்லாத பவுடரைப் பிஸ்மி சொல்லிக் குடிக்கிறார்கள். விற்கிறவர் அபாயா போட்டிருக்கிறார் என்பது ஹலால் சான்றிதழ் ஆகாது. (ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிற மாட்டின் தோலை எடுக்க ஆளில்லாமல் எங்கட பள்ளியடியில் குழி தோண்டிப் புதைக்கிறோம். அப்புறம் யாரோ நாட்டு மாட்டுத் தோலை 7,500 ரூபாவுக்குக் குடிக்கிறோம்.)

விற்கிற தங்கச்சிமாருக்கு. உங்கள் ரிஸ்க்கில் மண் போட எனக்கு ஆசையில்லை. மாப்பிள்ளை கட்டாரில் வேலை இழந்து வந்து, நீங்கள் வீட்டிலிருந்தபடி இரண்டு காசு தேடுவது எனக்குத் தெரியும். உங்களை விற்க வைத்தவர் மேலே இருந்து கமிசன் எடுப்பதும் தெரியும். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் மத்ரஸாவில் படித்ததுதானே. யாரோ ஒருத்தியின் தலையை இணையத்தில் எடுத்து "என் கஸ்டமர்" என்று போடுவது மேலே காய்ந்த தானியம். "நச்சு வெளியேறுது" என்று சொல்லி வெளிறிப்போன ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் நிறுத்துவது அடியிலுள்ள ஈரம். விற்பதானால் புரதப் பவுடர் என்று சொல்லி விற்றுப் பாருங்கள். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

முடி கொட்டுகிறவர்கள் முதலில் கடந்த நாலைந்து மாதத்தில் காய்ச்சல், பேறு, ஒப்பரேசன், பட்டினி ஏதும் நடந்ததா என்று யோசியுங்கள். நடந்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். முட்டை, மீன், நெத்தலி, பருப்பு, கௌப்பி, முருங்கையிலை. சாப்பாட்டோடு தேசிக்காயோ கொய்யாவோ, தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் பிந்தி. ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், வகிடு அகலமாகிக்கொண்டே போனால், வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் விழுந்தால், களைப்பும் சேர்ந்திருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பீ.டிக்குப் போங்கள். இரத்தமும் தைரொய்டும் பார்க்கச் சொல்வார்கள், தேவையென்றால் தோல் கிளினிக்குக்கு எழுதுவார்கள். ஃபெரிட்டின் சிலவேளை வெளியே லெப்பில் செய்ய வேண்டி வரும், அந்தச் செலவும் ஒரு டப்பாவுக்குக் கிட்ட வராது. பரம்பரையாக மெலிகிற முடிக்கு மினொக்சிடில் என்ற பூசு மருந்துக்கு உண்மையான ஆதாரம் இருக்கிறது, ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் பாவிக்கக் கூடாது, மற்றவர்களும் டொக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் தருகிற இரும்பு வில்லையை அலுமாரிக்குள் அடுக்கி வைத்துவிட்டுப் பவுடர் குடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இலவசம் என்பதால் மதிப்பில்லை போலும்.

காசு கொடுத்து ஏமாந்தவர்கள் பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். ரசீது, ஸ்கிரீன்சொட் இருந்தால் எடுத்து வையுங்கள்.

கொமென்டில் "இன்பொக்ஸ் செக் பண்ணுங்க" என்று போடுகிறவர்களுடையதை அழிப்பேன், முன்கூட்டியே சொல்லி விடுகிறேன். வீட்டில் டப்பா இருக்கிறவர்கள் அதன் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். எந்த மிருகம், எவ்வளவு பயோட்டின், யார் இறக்குமதி செய்தது என்று எழுதியிருப்பதை இங்கேயே எல்லோருமாக வாசிப்போம்.