அபாயச் சரக்குத் தொட்டிகளும் அவற்றின் அடையாளக் குறிகளும்

நெடுஞ்சாலையில் செல்லும் தொட்டி லாரி ஒன்றினுள் இருப்பது பாலா, பெட்ரோலா, அமிலமா என்பதை அதன் வடிவத்தைக் கண்டு அறிதல் அரிது. சரக்கை ஏற்றியவர் அறிவார், ஓட்டுநரும் அறிவார். ஆனால் லாரி கவிழ்ந்து ஓட்டுநர் நினைவிழந்து கிடக்கும் வேளையில், அங்கு முதலில் வந்து சேரும் காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் உடனே உண்மையை உணர்த்த வல்லது தொட்டியின் மேலுள்ள குறி ஒன்றே. அக்குறி பிழையின்றியும் எப்புறத்திருந்தும் தெரியுமாறும் இருத்தல் வேண்டும். அதனைப் படிக்கும் பயிற்சியும் நாடெங்கும் பரவுதல் வேண்டும்.

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கு வழி செய்துள்ளன. 134-ஆம் விதியின்படி, அபாயச் சரக்கை ஏற்றும் வாகனம் ஒவ்வொன்றும் இரு பக்கங்களிலும் பின்புறத்திலுமாக மூன்று இடங்களில் அவசரத் தகவல் பலகையைத் தாங்க வேண்டும். பலகையில் சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்துகளிலும், ஐக்கிய நாடுகள் சபை வழங்கிய எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இலக்கங்களிலும் அமைதல் வேண்டும். சரக்கின் வகையைக் காட்டும் சாய்சதுரக் குறி 250 மில்லிமீட்டர் பக்க அளவுடையதாக இருத்தல் வேண்டும். அவசரப் பணியினரின் தொலைபேசி எண்ணும், சரக்கைப் பற்றி அறிவுரை கூற வல்லவரின் தொலைபேசி எண்ணும் உடன் இருத்தல் வேண்டும். இவை யாவும் எக்காலத்தும் மறைப்பின்றித் தூய்மையாக வைக்கப்பட வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.

இறுதியாகக் கூறப்பட்ட நிபந்தனை சிறியதாகத் தோன்றலாம். அதன் முக்கியத்துவம் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். நீரற்ற அமோனியாவின் எண் 1005; குளோரினின் எண் 1017; சமையல் வாயு எனப்படும் திரவ பெட்ரோலிய வாயுவின் எண் 1075. பின் இரண்டு இலக்கங்களைச் சேறு மறைத்துவிடின் எஞ்சுவது 10 மட்டுமே. ஆனால் இம்மூன்றையும் எதிர்கொள்ளும் முறைகள் வெவ்வேறானவை. அமோனியா நீரில் மிகுதியாகக் கரைவதாகலின், நுண்ணிய நீர்த்திவலைத் திரையால் அதன் ஆவியைத் தணிக்கலாம். கசியும் குளோரின் கலத்தின் மீதோ நீரைப் பாய்ச்சலாகாது. துவாரம் அரிக்கப்பட்டுக் கசிவு பெருகும். குளோரின் காற்றினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆதலின் தாழ்ந்த இடங்களில் தேங்கும். சமையல் வாயுவும் தரையோடு பரவுவதே. ஆனால் அங்கு அஞ்சத்தக்கது நஞ்சன்று, ஒரு சிறு நெருப்புப் பொறி. ஒரு கைப்பிடிச் சேறு இத்துணை வேற்றுமையையும் அழித்துவிடுகிறது.

ஒரு வாகனத்திலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றத்தக்க பெயர்தொட்டிகளைப் பொறுத்தவரை கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். இத்தகைய தொட்டி கப்பலிலும் இரயிலிலும் லாரியிலும் மாறி மாறிச் செல்வது. ஆதலின் குறி வாகனத்திற்கு மட்டும் உரியதன்று, தொட்டிக்கும் உரியது. ஐக்கிய நாடுகள் சபையின் பரிந்துரைகள், துருப்பிடிக்காத உலோகத் தகடு ஒன்று தொட்டியில் நிலையாகப் பொருத்தப்பட வேண்டும் என்கின்றன. தயாரித்த நாடு, வரிசை எண், கொள்ளளவு, தாங்கும் அழுத்தம், சோதனை நாள் ஆகியவை அதில் பொறிக்கப்படும். ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை முழுச் சோதனையும், இடையே இரண்டரை ஆண்டில் மற்றொரு சோதனையும் நடைபெறல் வேண்டும். சாய்சதுரக் குறி உள்ளிருக்கும் சரக்கின் இயல்பைக் கூறும். தகடு அதனைச் சுமக்கும் கலத்தின் வலிமையைக் கூறும். சோதனைச் சாவடியில் பணியாற்றுவோர் முன்னதை மட்டும் நோக்கிப் பின்னதை விட்டுவிடுதல் முறையன்று.

இங்கு அமெரிக்க நாட்டு விதி ஒன்று கருதத்தக்கது. 3,785 லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கொள்ளளவுடைய தொட்டியில், இரு பக்கங்களிலும் இரு முனைகளிலும் சரக்கின் எண் காணப்பட வேண்டும். தொட்டியின் மேலுள்ள எண் வெளியே தெரியாதவாறு வாகனம் மறைக்குமாயின், அவ்வாகனத்தின் நான்கு புறங்களிலும் அதே எண் இடம்பெற வேண்டும். இந்திய விதி முன்புறத்தை விட்டுவிடுகிறது. ஒரு பக்கமாகக் கவிழ்ந்து, பின்புறம் பள்ளத்தில் புதைந்த லாரியை எதிர்த்திசையிலிருந்து நெருங்குபவருக்குத் தெரிவது முன்புறமே. அங்கும் ஒரு பலகை வைப்பதால் ஏற்படும் செலவு மிகச் சிறிது. நான்காவது பலகையையும் விதியில் சேர்ப்பதே பொருத்தமாகும்.

வெறுந்தொட்டியைப் பற்றியும் தவறான எண்ணம் நிலவுகிறது. சரக்கை இறக்கியவுடன் அபாயம் நீங்கிவிட்டதென்று கருதுவோர் பலர். பெட்ரோலை இறக்கிய தொட்டியில் எஞ்சுவது ஆவியும் காற்றும் கலந்த கலவை. நிறைந்த தொட்டியினும் அது எளிதில் வெடிக்கக்கூடும். கழுவித் தூய்மை செய்யும் வரையில் குறிகளை நீக்கலாகாது. தூய்மை செய்த பின்னரோ அவற்றை நீக்குதல் அல்லது மூடுதல் வேண்டும். இல்லாத அபாயத்தைக் கூறும் குறி, உள்ள அபாயத்தைக் கூறும் குறியின் மதிப்பையும் குறைத்துவிடும்.

ஒவ்வொரு பயணத்திற்கும் பலகையை மாற்றுவது வீண் சுமை என்று லாரி உரிமையாளர் சிலர் கூறலாம். இதற்கு விடை விதியிலேயே உள்ளது. அந்தந்தப் பயணத்தின் சரக்குக்குரிய ஒட்டுத்தாளைப் பயன்படுத்த அது இடமளிக்கிறது. பழைய சரக்கின் பெயரைத் தாங்கியவாறே புதிய சரக்கை ஏற்றிச் செல்லும் தொட்டி, குறியே இல்லாத தொட்டியினும் கொடியது. பெட்ரோல் என்று எழுதப்பட்ட தொட்டியில் அடர் கந்தக அமிலம் இருப்பின், வந்தவர் செய்யும் ஒவ்வொரு செயலும் பிழையாகவே முடியும்.

குறி விபத்தைத் தடுப்பதில்லை. விபத்துக்குப் பின் நேரும் இழப்பைக் குறைக்கவே அது உதவும். அதுவும் பார்ப்பவருக்குப் பொருள் விளங்கினால் மட்டுமே. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 அன்று கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலாவில் சமையல் வாயுத் தொட்டி லாரி விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியதில் 20 பேர் உயிரிழந்தனர். 2017-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமத்பூர் நகருக்கு அருகே பெட்ரோல் லாரி கவிழ்ந்தபோது, சிந்திய எண்ணெயைச் சேகரிக்கக் கூடிய மக்களில் 200-க்கும் மேற்பட்டோர் தீக்கு இரையாயினர். தீப்பிழம்பு பொறித்த சிவப்புச் சாய்சதுரம் எதைக் குறிக்கிறது என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றவர் குடத்துடன் அங்கு ஓடத் தயங்கியிருப்பர்.

இவ்விடத்துதான் ஆசிரியரின் பணி தொடங்குகிறது. ஒன்பது வகைகளுக்கும் உரிய குறிகளை ஒரு வகுப்பு வேளையில் மாணவர்க்கு வரைந்து காட்டலாம். எண்ணுக்கும் படத்துக்கும் மொழிவேற்றுமை இல்லை. குஜராத்தில் ஏற்றிய சரக்கின் குறியை எம்மாநிலச் சிறுவனும் படிக்கலாம். தொலைவிலிருந்தே எண்ணைக் காணுதல், காற்று வரும் திசையில் விலகி நிற்றல், நெருப்பை அணுகவிடாதிருத்தல், 112 என்னும் எண்ணுக்கு அழைத்துக் கண்ட இலக்கங்களை அப்படியே கூறுதல் ஆகிய நான்கையும் உடன் கற்பித்தல் வேண்டும். எண் தெரியவில்லை என்பதற்காக அருகில் செல்லலாகாது என்பதையும் வற்புறுத்திக் கூறுதல் வேண்டும். சாவடியில் நிற்கும் அலுவலர் சேறு படிந்த பலகையைக் கண்டால், அதனைத் துடைக்கச் செய்த பின்னரே லாரியை அனுப்புவாராக. அச்சிறு தாமதத்தால் எவருக்கும் கேடில்லை.