கடலுக்கு எவன் பெயர்?

வடக்கே கோடிக்கரை, தெற்கே இராமேசுவரத் தீவின் கடைமுனையில் கோடி. ஒரு கடற்பரப்பின் இரு முனைகளுக்கும் தமிழன் இட்ட பெயர் ஒன்றே. கோடி எனின் முனை, கடை, எல்லை. தென்முனைக் கோடி பாண்டியர்க்குரியதாக அகநானூற்றிலேயே வருகிறது. பின்வந்தோர் அதன் தலையில் 'தனுசு' என்னும் வடசொல்லை ஏற்றி இராமன் வில்லுக்கு உடைமையாக்கினர். அது தனிக் கதை. அவ்விரு கோடிகளுக்கும் இடையில் விரிந்து, யாழ்ப்பாணக் கரைவரை கிடக்கும் நீருக்கு இன்று வழங்கும் பெயர் யாது? பாக்கு விரிகுடா, பாக்கு நீரிணை!

பள்ளிப்பிள்ளை அதனை வெற்றிலையோடு மெல்லும் பாக்கென்றே எண்ணிக் கொள்ளும். வேறென் செய்யும்? இராபர்ட்டு பால்க்கு என்பான் கிழக்கிந்தியக் குழுமத்தின் சமயப் பணியாளனாக வந்தவன்; அவ்வங்கியைக் களைந்து ஆட்சிப் பணியிற் புகுந்தவன்; 1763 முதல் 1767 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநனாக இருந்து, பெருஞ்செல்வத்தோடு தன் நாடு மீண்டவன். அவனுக்கும் இக்கடலுக்கும் உள்ள உறவு அவ்வளவே. முன்னர் இதனைப் 'பாக் சலசந்தி' என்று எழுதினர். முன்சொல் ஆங்கிலேயனுடையது, பின்சொல் வடவருடையது. சலசந்தியை நீரிணையாக்கினோர் முன்சொல்லைத் தொடாமல் விட்டனர். பாதி முகம் மழித்துக்கொண்டு எழுந்து போனவன் கதைதான்.

பெயரில்லாக் கடலா இது? இராமேசுவரத்து மீனவன் தீவுக்கு வடபாலுள்ளதை வடகடல் என்கிறான். தென்பாலுள்ளதைத் தென்கடல் என்கிறான். வடக்கிருந்து வீசும் காற்று வாடை. கிழக்கிருந்து வருவது கொண்டல். மேற்கிருந்து வருவது கச்சான். தெற்கிருந்து வருவது சோழகம். கடலுக்குள் ஓடும் நீருக்கு நீவாடு என்று பெயர். வாடைக் காலத்தில் அந்நீர் வடக்கிருந்து தெற்கே பாம்பன் வழியாகப் பாயும். தென்மேற்குக் காற்று எழுந்தால் திசை மாறி வடக்கே ஏறும். ஏற்றவற்றம் இங்கு ஒரு மீட்டரளவும் இல்லை. ஆழமும் பெரும்பகுதியில் 15 மீட்டருக்குக் குறைவே. ஆதலின் பெருங்கப்பல்கள் ஒதுங்கிச் செல்ல, வள்ளங்களே இதனை ஆண்டன. தலைமன்னாரை நோக்கி வரிசையிட்ட மணல்மேடுகளுக்குத் தீடை என்று பெயர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து உயிர்தப்பி ஓடிவந்தோர் பலர் முதலில் கால்வைத்தது அத்தீடைகளில்தான். மேலைநாட்டான் படத்திலோ அவை 'ஆதாம் பாலம்'!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் 1974 சூன் திங்களின் உடன்படிக்கையைப் படித்துப் பார்க்கட்டும். இந்திரா காந்தியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்ட அவ்வோலை, எல்லை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று சொல்கிறது? பால்க்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை! தமிழ்க்கடலைக் கூறுபோட்ட கோட்டின் இரு தலைப்பிலும் ஒரு தமிழ்ச்சொல் இல்லை. 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்று அவ்வுடன்படிக்கைக்குத் தலைப்பு வேறு. எவர் வரலாறு? அகலக்கோடும் நெடுங்கோடும் குறித்து ஆறு புள்ளிகள் வைத்தனர், புள்ளிகளை இணைத்தனர், 285 ஏக்கர்க் கச்சத்தீவு கோட்டுக்கு அப்பால் போயிற்று. அவ்வாண்டே தமிழக சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. தில்லி கேட்டதா? 1976இல் கைமாறிய மடல்கள் அப்பாலுள்ள மீன்பிடிப்பையும் தடுத்தன. 2025 ஏப்பிரல் 2இல் அதே மன்றம் தீவை மீட்கக் கோரி மீண்டும் தீர்மானம் இயற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. இக்கரையிலிருந்து செல்லும் இழுவைமடி, அடிநிலத்தைச் சுரண்டி, அக்கரைத் தமிழனின் வலையையும் அறுக்கிறது. போரில் அனைத்தும் இழந்து மீண்டும் கடலில் இறங்கியவன் அவன். அவன் முறையீடு பொய்யன்று. இழுவைமடியை இலங்கையரசு 2017இல் சட்டத்தால் தடுத்தது. இக்கரை மீனவனைச் சிறைப்பிடித்துப் படகையும் பறிக்கிறது. ஒரே மொழியில் நீவாட்டையும் காற்றையும் பெயரிட்டழைக்கும் இருவர், ஒருவரையொருவர் கள்வர் என்கின்றனர். இருகரை மீனவரும் நேரில் அமர்ந்து எந்நாளில் எவர் வலைவிடுவது என்று பேசத் தொடங்கியபோதெல்லாம், அப்பேச்சை முடிவுவரை கொண்டுசெல்லத் தில்லிக்கும் கொழும்புக்கும் மனம் வரவில்லை.

கடலுக்குப் புதுப்பெயர் படைக்க அறிஞர் குழு வேண்டுவதில்லை. கோடிக்கரையிலும் நெடுந்தீவிலும் வள்ளம் தள்ளுவோரைக் கேட்டால் போதும். பாடநூல் எழுதுவோர் அதைக்கூடச் செய்யாமல், இவ்வாண்டும் பால்க்கின் பெயரையே அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் தருகின்றனர்.